வியாழக்கிழமை வரச் சொன்னாள்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் பாடம் எடுத்தாலும் பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிடும். என் வகுப்பில் மட்டும் யாரும் தூங்கியதில்லை. நான் நன்றாகப் பேசுவேன் மேடம். நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததைக் கைப்பட எழுதுங்கள் என்றபோது, பேசச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இருந்தாலும் எழுதுகிறேன். விசாரணைக்கு ஒத்துழைப்பவன் என்று நீங்களே யாரிடமோ போனில் சொன்னீர்கள், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸைப் பிரதர் என்று கூப்பிடுவார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவன் என்பதால் நான் பெரிய பிரதர். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். அந்தப் பிரிவு ஓடுவது என்னால்தான் என்பது வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

வகுப்பு ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று ஒரு பெண் திரும்பத் திரும்ப எங்களிடம் வந்தாள். எங்கள் ஆட்களும் திரும்பத் திரும்பத் தையல் போட்டு அனுப்பினார்கள். கடைசியாக அவளைக் கொண்டுவந்தபோது தையல் போட வேலை இருக்கவில்லை. அப்புறம்தான் ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார், அந்த வீட்டில் மாடியே கிடையாது என்று. நிர்வாகத்துக்கு உதறல் எடுத்துவிட்டது. வீட்டில் அடி வாங்கி வருகிற பெண்களை எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்டால் என்ன செய்வது என்று எல்லா நர்ஸுகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

அதற்காகப் படித்தேன். படிக்காமல் எதிலும் இறங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் புத்தகத்தை மட்டும் ஒப்பித்தால் யார் கேட்பார்கள்? உதாரணம் வேண்டும். என் வகுப்பின் உயிரே உதாரணங்கள்தான்.

"அடிக்கிற புருஷன்னா எப்படி இருப்பான்?" என்று ஆரம்பிப்பேன். கண் சிவந்திருக்கும், குடித்திருப்பான், பெரிய மீசை வைத்திருப்பான் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றையும் சொல்லவிட்டு, "அப்படி ஒருத்தன் வந்தா வாட்ச்மேனே கண்டுபிடிச்சிடுவார், உங்களுக்கு எதுக்கு சம்பளம்?" என்பேன். பிறகு மெதுவாகச் சொல்வேன். அவன் மனைவியின் கைப்பையைத் தான் தூக்கிக்கொண்டு வருவான். அவளுக்கு முன்னால் அவன் பதில் சொல்வான். அவளுடைய மாதவிலக்குத் தேதிகூட அவனுக்குத் தெரியும். உங்களிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசுவான், இப்படி ஒரு மாப்பிள்ளை நம் வீட்டுக்குக் கிடைக்கவில்லையே என்று உங்களுக்கே ஏக்கம் வரும்.

அப்போதுதான் வாயாடி கையைத் தூக்கினாள். "அப்படின்னா எங்க வீட்டுக்காரர் சொக்கத்தங்கம்ணா. கல்யாணம் ஆனதுலேருந்து ஒருநாள் கூட என் பைய தூக்கினதில்ல." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவளைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. எங்கள் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ் அவள். நோயாளிக்கு ஊசி குத்திய வலி தெரிவதற்குள் அவனுடைய மாமியார் கதை வரைக்கும் கறந்துவிடுவாள். வாயாடி என்று பெயர் வைத்ததே நான்தான், அது வார்டு முழுக்க ஒட்டிக்கொண்டது. எல்லோரும் என்னைப் பிரதர் என்று கூப்பிட, அவள் மட்டும் அண்ணா என்பாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி ஷிப்ட் மாற்றிக் கேட்டால் மாற்றிக் கொடுப்பேன். அவள் மகனுக்குக் காய்ச்சல் என்றால் அவள் வேலையையும் சேர்த்து நான் பார்ப்பேன். வகுப்பில் அவள்தான் முதல் பெஞ்ச். நான் சொல்கிற ஒரு வார்த்தையைக்கூட அவள் கீழே விட்டதில்லை. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

நான் கற்றுக்கொடுத்தது இதுதான். காயமும் கதையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய காயமும் புதிய காயமும் ஒரே உடம்பில், காதுக்குப் பின்னால், விலாவில் என்று மறைவான இடங்களில் இருக்கிறதா பாருங்கள். புருஷன் பக்கத்தில் இருக்கும்போது எதையும் கேட்காதீர்கள், அவள் வீட்டுக்குப் போக வேண்டியவள். தனியாகக் கேளுங்கள், நேராகக் கேளுங்கள். ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் சொல்வதை நம்புங்கள். முடிவை அவள் எடுக்கட்டும். கையில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், வீட்டில் அவள் பையைத் துழாவுவார்கள்.

"புருஷன் ஒட்டிக்கிட்டே நின்னா எப்படிண்ணா தனியா கேக்குறது?" என்று வாயாடி கேட்டாள்.

"எக்ஸ்ரே ரூம் எதுக்கு இருக்கு? ரேடியேஷன்னு சொல்லு. எந்தப் புருஷனும் உள்ள வரமாட்டான்."

"உடனே கிளம்ப அவளுக்குத் தைரியம் இல்லைன்னா?"

"ரெண்டு மூணு நாள் கழிச்சு வர மாதிரி ஒரு வேலை வை. வீக்கம் வடிஞ்சதும் இன்னொரு படம் எடுத்துப் பாத்துடலாம்னு புருஷன்கிட்டயே சொல்லு. அவனே கூட்டிட்டு வருவான். அதுக்குள்ள நீ தங்கற இடம், போலீஸ், எல்லாம் ஏற்பாடு பண்ணிடலாம்."

அந்த வாக்கியம் என்னுடையது மேடம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானே யோசித்துச் சொன்னது.

இனி என் மனைவியைப் பற்றி. நான் கோபக்காரன் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள், என் குரல் வாசலைத் தாண்டிக் கேட்டதாக ஒருவர் சொல்லியிருக்க மாட்டார். குடியில்லை, சிகரெட் இல்லை. சம்பளத்தை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவருகிறவன். எனக்குச் சில ஒழுங்குகள் உண்டு. எங்கே போனாள், யாரிடம் பேசினாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். சொல்லாமல் செய்தால் திருத்த வேண்டியிருந்தது. திருத்தும்போதெல்லாம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அவள் நாலு பேர் முன்னால் தலை குனியக்கூடாது என்பதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் பிறகு நானே உட்கார்ந்து காயத்தைத் துடைத்து மருந்து போட்டிருக்கிறேன். ஊதி ஊதித்தான் போடுவேன். எத்தனை வீட்டில் புருஷன் இதைச் செய்வான் என்று நினைக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் பெரிய விஷயமில்லை. அவளுடைய அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. பத்து நாள் அங்கே போய் இருக்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். சரி என்றுதான் தலையாட்டினாள். சாயங்காலம் அலமாரியில் என் சட்டையை எடுக்கப் போனால், கீழ்த்தட்டில் போர்வைக்குப் பின்னால் ஒரு பை. அவள் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பல் துலக்கும் பிரஷ்கூட இருந்தது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள், எனக்குத் தெரியாமல் பை கட்டி வைத்திருக்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கையைப் பிடித்து, இது என்ன என்று கேட்டேன். இழுத்தாள். நான் விடவில்லை. எலும்பு முறியும் சத்தம் எனக்குப் பழக்கமானது. அது ஒன்றும் பெரிய சத்தமில்லை.

முழங்கைக்கு மேலே முறிந்திருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய காயம் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். வேறு இடத்தில் யாரோ முகம் தெரியாத நர்ஸ், எவரிடமாவது பாடம் கேட்டவள், என் மனைவியிடம் கேள்வி கேட்பாள். என் ஆஸ்பத்திரியில் கேட்க மாட்டார்கள். நம் ஆள் என்றால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் நாக்கு மடங்கிவிடும். அது என் வகுப்பில் இல்லாத பாடம். சேர்க்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

மறுநாள் காலையிலேயே கூட்டிப்போனேன். தாமதித்தால் சந்தேகம் வரும் என்று வகுப்பில் சொல்கிறவனே நான்தானே. போகிற வழியில் அவளைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். குளியலறையில் வழுக்கிவிட்டது, கை சுவரில் இடித்தது. நன்றாகவே சொன்னாள்.

நான் நினைத்தபடிதான் நடந்தது. எங்களைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். இளம் டாக்டர் எனக்கு நாற்காலி போட்டார். "பாத்ரூம் தரையா பிரதர்? எங்க அம்மாவும் இப்படித்தான் விழுந்தாங்க," என்று அவரே கதையைப் பாதி சொல்லிவிட்டார். நான் என் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கவனிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, தொண்டைத் தண்ணி வற்ற நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் காற்றோடு போய்விட்டதே என்று.

வாயாடி வந்தாள். "வாங்கண்ணி, படம் எடுத்துட்டு வந்துடலாம்," என்று என் மனைவியைச் சக்கர நாற்காலியில் ஏற்றினாள். நானும் கூடவே போனேன். எக்ஸ்ரே அறை வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வெளிய நில்லுங்கண்ணா. ரேடியேஷன். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்லும்போது சிரித்தாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என்ன சொல்ல முடியும்? கதவு சாத்தப்பட்டது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கைக்குப் படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைப் போலப் பல மடங்கு நேரம் அந்த விளக்கைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே என்ன கேட்கப்படுகிறது, எந்த வரிசையில், எந்தக் குரலில் என்று ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்திருந்தது. பதில்தான் தெரியவில்லை.

வெளியே வந்தபோது என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. படம் வெளிச்சத்தில் மாட்டப்பட்டது. வழுக்கி விழுந்தால் எலும்பு அப்படி முறியாது, முறுக்கினால்தான் அப்படித் திருகிக்கொண்டு முறியும். டாக்டர் கவனிக்கவில்லை. வாயாடி பார்த்துக்கொண்டே நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அவளை அறிந்த நாளாக அவள் அப்படிப் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

மாவுக்கட்டை நானே போட்டேன். என் கைவேலை எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசித்தம், ஒரு மடிப்பு விழாது. வாயாடி கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். முடித்து நான் கை கழுவும்போது, துண்டை நீட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"வியாழக்கிழமை அண்ணிய மறுபடி கூட்டிட்டு வாங்கண்ணா. வீக்கம் வடிஞ்சதும் இன்னொரு படம் எடுத்துப் பாத்துடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மேடம். என் வாக்கியம். ஓர் எழுத்து மாறாமல். இதைச் சொல்லிக்கொடுத்தவனிடமே வந்து ஒப்பிக்கிறாளே, இவ்வளவுதானா இவள் புத்தி என்று தோன்றியது. என் மனைவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் ஏற்பாடுகள் நடக்கும், அன்று அவளை என்னிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. "சரிம்மா, கூட்டிட்டு வரேன்," என்றேன்.

ஆக, புதன்கிழமை வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது.

என் மனைவியிடம் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அன்று நானே சமைத்தேன். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் ஊட்டிவிட்டேன். தலை வாரிப் பின்னிவிட்டேன். என்னம்மா சொன்னாள் நம்ம வாயாடி என்று கேட்டதற்கு, "வலிக்குதான்னு கேட்டா," என்றாள். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படி முழுசாகப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளை அந்த அளவுக்குக் கெடுத்துவைத்தது யார் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். அங்கிருந்து எனக்கு ஒரு பொருளும் வேண்டியிருந்தது. மருந்து அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். ஒரு சின்னப் புட்டி, டிபன் கேரியரின் அடித்தட்டில் அடங்கிவிட்டது. மத்தியானம் கிளம்பிவிடலாம் என்றிருந்தபோது வாயாடி ஓடிவந்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், உங்கள் வகுப்பைக் கேட்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள் என்றாள்.

"நீங்க எடுத்தாத்தாண்ணா மண்டையில ஏறும். அடுத்தவங்க எடுத்தா தாலாட்டு."

எடுத்தேன். அன்று பேசியது போல நான் என்றும் பேசியதில்லை. முதல் பெஞ்சில் வாயாடி. வகுப்பு முடியப்போகிறது என்னும்போதெல்லாம் ஒரு சந்தேகம் கேட்டாள். தனியாக எப்படிக் கேட்பது, நம்பவில்லை என்றால் என்ன செய்வது, அவன் நல்லவன் போல இருந்தால் எப்படித் தெரியும். எல்லாம் முன்பே கேட்டவை. பொறுமையாகப் பதில் சொன்னேன். ஒருமுறை அவள் குரல் கம்மியது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னேன். கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

நான் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் நீங்கள் என் வீட்டுக்குப் போய் என் மனைவியை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவள் செருப்பு இல்லை. போர்வைக்குப் பின்னால் பை இல்லை. நான் காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடியபடியே இருந்தது. கூடத்தில் என் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு போன் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டேன், அனுமதித்தீர்கள். வாயாடியைக் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமைன்னுதானம்மா சொன்ன?" என்றேன்.

"வியாழக்கிழமைன்னு சொன்னாத்தான் நீங்க புதன்கிழமை வரைக்கும் அவங்கள ஒண்ணும் பண்ணாம இருப்பீங்க. உங்க பாடம் உங்களுக்குப் புரியும்னு தெரிஞ்சுதான் சொன்னேன், பிரதர்."

பிரதர் என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். கை பிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்தவன் நான். என் வாக்கியத்தை எடுத்து என் கண்ணையே கட்டிவிட்டாள். உங்கள் ஆட்கள் கையைப் பிடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

எக்ஸ்ரே அறையில் என் மனைவி முதலில் என்ன சொன்னாள் என்பதை நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். வாயாடியிடம், "அவர் ஏதோ கிளாஸ் எடுப்பாராமே, அதுல என்னைப் பத்தியும் சொல்லுவாரா?" என்று கேட்டாளாம். காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைக் காட்டினாளாம். விலாவைக் காட்டினாளாம். வாயாடிக்கு ஒவ்வொன்றாக என் உதாரணங்கள் ஞாபகம் வந்ததாம். நீங்கள் அதைப் படித்தபோது பக்கத்தில் நின்ற காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. உதாரணம் இல்லாமல் பாடம் இல்லை. நோயாளியின் பெயரை வகுப்பில் சொல்லக்கூடாது என்பது விதி, நான் ஒருநாளும் சொன்னதில்லை.

டிபன் கேரியரில் இருந்த புட்டி எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவள் வலியில்லாமல் தூங்குவதற்கு என்று சொன்னேன். அது பொய் இல்லை. புதன்கிழமை தூங்கினால் வியாழக்கிழமை எழுந்திருக்க மாட்டாள். அதையும் இங்கே எழுதிவிட்டேன். கையை முறித்தது நான். காதுக்குப் பின்னால் இருப்பது, விலாவில் இருப்பது, நீங்கள் இன்னும் கேட்காதவை, எல்லாம் நான்தான். அவளைக் கொல்லத்தான் அந்தப் புட்டியை எடுத்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வாயாடி மேல் நான் எந்தப் புகாரும் கொடுக்கப்போவதில்லை, அவள் மனசாட்சி அவளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு விஷயம். என் மனைவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். எலும்பு கூடியதும் அந்த மாவுக்கட்டைப் பிரிக்க வேண்டும். நானே போட்ட கட்டு, நான் பிரித்தால்தான் சரியாக வரும். அவள் உடம்பு எனக்குத் தெரியும் மேடம், வேறு யார் தொட்டாலும் அவளுக்கு வலிக்கும்.